கிழவருக்கு ஒரு கோட்டு: அவதார் துணைக்கருவிகளில் எதை எடுப்பது?

ஆளுக்கோர் உருவத்தில் (அவதார்) கூடிப் பேசும் மெய்நிகர் உலகமான விஆர்சாட்டில் என்னைக் கண்டுபிடிப்பது எளிது. பூனைக் காதுகளும் மினுமினுக்கும் கூந்தலுமாக நிற்கும் கூட்டத்தின் நடுவே நரைத்த தாடியும் கூன் முதுகும் கைத்தடியுமாக ஒரு கிழவர் நின்றால், அது நான்தான். அவருடைய இடது தோளில் ஓர் ஆந்தை உட்கார்ந்திருக்கும். மூக்குக்கண்ணாடியை வேண்டும்போது மாட்டிக்கொள்வார், வேண்டாதபோது கழற்றிவிடுவார். முழங்காலுக்குக் கீழே தொங்கும் மேல்கோட்டு ஒன்றும் அண்மையில் சேர்ந்திருக்கிறது. இதில் எதுவும் கிழவரோடு சேர்ந்து வந்ததில்லை. உடல் ஒருவர் செய்தது, கோட்டு இன்னொருவர் செய்தது, ஆந்தை இலவசமாகக் கிடைத்தது.

இவற்றையெல்லாம் எதை வைத்துச் சேர்த்தீர்கள் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இரண்டு பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்: மாடுலர் அவதார், விஆர்சி ஃப்யூரி. எது நல்லது என்று ஒரே சொல்லில் பதில் வேண்டும் அவர்களுக்கு. அதற்கு என்னிடம் பதில் உண்டு. ஆனால் பதிலைவிட அதற்கான காரணம்தான் அவர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கே நான் பேசுவது அவதார்களை உருவாக்கப் பயன்படும் யூனிட்டி மென்பொருளுக்குள், அவதாரைப் பதிவேற்றுவதற்கு முன்பு வேலை செய்யும் கருவிகளைப் பற்றி. விளையாட்டு ஓடும்போதே அதன் நடத்தையை மாற்றும் மாற்றுநிரல்கள் வேறு. அவற்றை விஆர்சாட் அனுமதிப்பதில்லை. 2022 ஜூலையில் ஈஸி ஆன்டி-சீட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் வந்த பிறகு அந்தக் கதவு மூடிவிட்டது. யூனிட்டிக்குள் வைத்துக்கொள்ளும் கருவிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இவற்றைப் பயன்படுத்தினால் கணக்கு முடக்கப்படுமோ என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இந்தக் கருவிகள் இல்லாத காலத்தில் கோட்டு மாட்டுவது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இவற்றின் அருமை புரியும். கோட்டுக்கென்று தனி எலும்புக்கூடு இருக்கும்: இடுப்பு, முதுகெலும்பு, மார்பு, தோள், கை. அந்த ஒவ்வோர் எலும்பையும் சுட்டியால் இழுத்து, உடலில் அதே இடத்தில் உள்ள எலும்பின்கீழ் கொண்டுபோய்ப் போட வேண்டும். பிறகு கோட்டைக் கழற்றி மாட்டுவதற்கு இரண்டு அனிமேஷன்கள் செய்து, எந்த அனிமேஷன் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் எஃப்எக்ஸ் அனிமேட்டரில் அவற்றை ஓர் அடுக்காகச் சேர்த்து, நிலையைக் குறித்து வைக்கும் ஒரு பாராமீட்டர் உருவாக்கி, விளையாட்டுக்குள் திறக்கும் பட்டியலில் ஒரு பொத்தான் வைக்க வேண்டும். 2020-இல் விஆர்சாட்டின் புதிய அவதார் முறையான அவதார்ஸ் 3.0 வந்தபோது கிடைத்த சுதந்திரம் பெரியது. அதற்கான கைவேலையும் அதே அளவுக்குப் பெரியது. அவ்வளவும் செய்து முடித்த பிறகு அந்தக் கோட்டு பிடிக்கவில்லை என்றால்? கிழவரின் எலும்புகளுக்கு நடுவே கோட்டின் எலும்புகள் கலந்து கிடக்கும். எது யாருடையது என்று பெயர் பார்த்துப் பொறுக்க வேண்டும். பலர் பொறுக்குவதில்லை, பழைய எலும்புகளைச் சுமந்தபடியே அவதார் வளர்ந்துகொண்டிருக்கும்.

மாடுலர் அவதாரும் விஆர்சி ஃப்யூரியும் அடிப்படையில் ஒரே உத்தியைத்தான் கையாள்கின்றன. நீங்கள் கோட்டைக் கிழவரின்கீழ் வைத்து, "இதை உடலோடு சேர்" என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைக்கிறீர்கள். பதிவேற்றும்போதோ யூனிட்டியில் ஓட்டிப் பார்க்கும்போதோ கருவி அவதாரின் நகல் ஒன்றை எடுத்து, அந்த நகலில்தான் எலும்புகளைச் சேர்க்கிறது, அனிமேட்டரைத் தைக்கிறது. மூலம் தொடப்படுவதில்லை. கோட்டு வேண்டாம் என்றால் அந்த ஒரு பொருளை அழித்துவிட்டால் போதும்.

ஆகவே என் அளவுகோலும் அதுதான். ஒரு கருவி எவ்வளவு அழகாக மாட்டுகிறது என்று நான் பார்ப்பதில்லை. எவ்வளவு சுத்தமாகக் கழற்றவிடுகிறது என்று பார்க்கிறேன். வசதிகளின் பட்டியலை வைத்து ஒப்பிடத் தொடங்கினால் இரண்டும் ஏறக்குறைய சமம் என்ற இடத்தில்தான் போய் நிற்போம்.

கோட்டையே எடுத்துக்கொள்வோம். மாடுலர் அவதாரில் கோட்டின்மேல் வலது சொடுக்கி "செட்டப் அவுட்ஃபிட்" என்று கொடுத்தால், கோட்டின் எலும்புக்கூட்டில் "மெர்ஜ் ஆர்மேச்சர்" என்ற உறுப்பு (பொருளோடு ஒட்டிவைக்கும் செயல்துண்டு) சேர்ந்துவிடும். எலும்புப் பெயர்களை ஒப்பிட்டு எதை எதோடு சேர்ப்பது என்று அதுவே தீர்மானிக்கும். ஃப்யூரியில் இதே வேலைக்கு "ஆர்மேச்சர் லிங்க்". ஆந்தைக்கு மாடுலர் அவதாரில் "போன் ப்ராக்ஸி" என்று தனி உறுப்பு உண்டு. ஆந்தை எந்த எலும்போடு நகர வேண்டும் என்று காட்டினால் போதும், அதைத் தோள் எலும்புக்குள் இழுத்துப் போட வேண்டியதில்லை. ஃப்யூரியில் உடைக்கும் ஆந்தைக்கும் ஒரே ஆர்மேச்சர் லிங்க்தான். குறைவான பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அது வசதி.

மூக்குக்கண்ணாடியில்தான் இரண்டின் குணமும் வேறுபடுகிறது. ஃப்யூரியில் பொருளைக் காட்டவும் மறைக்கவும் உதவும் "டாகிள்" என்ற உறுப்பைச் சேர்த்து, பட்டியலில் எங்கே வர வேண்டும் என்பதை எழுத்தாகவே கொடுக்கலாம். "அணிகலன்/கண்ணாடி" என்று சாய்கோடு போட்டு எழுதினால் அணிகலன் என்ற உள்பட்டியலை அதுவே உருவாக்கி அதற்குள் கண்ணாடியை வைத்துவிடும். எந்தப் பொருள் தோன்ற வேண்டும், எந்த பிளெண்ட்ஷேப் (வடிவ மாற்றம்) எவ்வளவு மாற வேண்டும், எந்த மெட்டீரியல் (மேற்பரப்புத் தோற்றம்) மாற வேண்டும் என்பவை எல்லாம் அதே பெட்டிக்குள் வரிசையாக வந்துவிடும். வேகம் என்றால் இதுதான் வேகம். மாடுலர் அவதாரில் பட்டியலின் ஒவ்வோர் உருப்படியும் யூனிட்டியின் காட்சியில் ஒரு தனிப் பொருள். "மெனு ஐட்டம்" ஒன்று, அதனோடு "ஆப்ஜெக்ட் டாகிள்" ஒன்று. முதல்முறை பார்க்கும்போது இத்தனை பொருள்கள் எதற்கு என்று எரிச்சல் வரும்.

ஆனால் அந்த எரிச்சலுக்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. மாடுலர் அவதாரில் ஆப்ஜெக்ட் டாகிள், பிளெண்ட்ஷேப்பை மாற்றும் ஷேப் சேஞ்சர் போன்றவற்றின் விளைவை யூனிட்டியை ஓட்டாமலேயே காட்சிப் பலகையில் பார்க்கலாம். கோட்டை மாட்டும்போது உள்ளே இருக்கும் சட்டையின் கைகள் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தன. சட்டையில் கைகளைச் சுருக்கும் பிளெண்ட்ஷேப் ஏற்கெனவே இருந்தது. கோட்டின்மேல் ஒரு ஷேப் சேஞ்சரைச் சேர்த்து, கோட்டு தெரியும்போது அந்தச் சுருக்கத்தை 100-க்குக் கொண்டுபோ என்றேன். கோட்டை மறைத்தால் சட்டைக் கை உப்புகிறது, காட்டினால் ஒடுங்குகிறது. எல்லாம் அப்போதே கண்முன் நடந்தது. உடை மாற்றங்களில் நேரம் முழுவதும் போவது இந்த மாதிரிச் சின்னச் சின்னத் துருத்தல்களைத் தேடுவதில்தான். ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்து நிறுத்த வேண்டியதில்லை என்பது எனக்கு ஃப்யூரியின் சாய்கோட்டைவிடப் பெரிய லாபம்.

ஒருவேளை நீங்கள் நாற்பது டாகிள் வைத்துக்கொள்கிறவர் என்றால் உங்கள் கணக்கு வேறாக இருக்கும். எனக்குக் கண்ணாடி, கோட்டு, ஆந்தை, தடி போதும். கிழவர் எளிமையானவர்.

நடைமுறையில் தேர்வு பாதி உங்கள் கையிலேயே இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடை செய்து விற்பவர்கள் இந்தக் கருவிகளில் ஒன்றுக்கு ஏற்பத் தயார்செய்த பிரீஃபேபோடுதான் (முன்கூட்டியே அமைத்து வைத்த பொருள்) இப்போது விற்கிறார்கள். பூத் தளத்தில் விற்கும் ஜப்பானியப் படைப்பாளிகளிடம் மாடுலர் அவதார் பிரீஃபேப் அதிகம். ஆங்கிலம் பேசும் வட்டாரங்களில் ஃப்யூரி அதிகம். வாங்கும் பொருள்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றனவோ அந்தக் கருவியை அடிப்படையாக வைத்துக்கொள்வது நியாயம். இரண்டையும் ஒரே அவதாரில் வைப்பதிலும் தவறில்லை. மாடுலர் அவதார் முதலில் வேலை செய்யும், ஃப்யூரி அடுத்து வரும், அவதாரின் எடையைக் குறைக்கும் கருவி (பின்னால் சொல்கிறேன்) கடைசியில் வரும். இந்த வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது. ஒரே உடையில் மெர்ஜ் ஆர்மேச்சரும் ஆர்மேச்சர் லிங்க்கும் சேர்ந்து இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சில பொட்டலங்களில் இரண்டு கருவிகளுக்கும் தனித்தனிப் பிரீஃபேப் இருக்கும். ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு சமையல்காரர்களை வைக்கலாம், ஒரே அடுப்பில் நிற்கவைக்கக் கூடாது.

எந்தக் கருவிக்கும் பிரீஃபேப் இல்லாமல் வரும் பழைய பொருள்கள்தான் தொல்லை. ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய கோட்டில் அவருடைய சொந்த எஃப்எக்ஸ் அனிமேட்டர் இருந்தது. "உங்கள் அவதாரில் இருப்பதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்" என்பது குறிப்பு. அப்படிப் போட்டால் கோட்டு வரும். கிழவரின் முகபாவங்கள் எல்லாம் போய்விடும். ஏனென்றால் அவையும் அதே அனிமேட்டரில்தான் இருக்கின்றன. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு குறிப்பை எழுத மனம் வருகிறதே என்று வியந்தேன். அந்த அனிமேட்டரை ஓரமாகத் தள்ளிவிட்டு, கோட்டின் வடிவமான மெஷ்ஷையும் எலும்பையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். பொருளோடு வந்த அனிமேட்டர் உண்மையிலேயே தேவைப்பட்டால் மாடுலர் அவதாரின் "மெர்ஜ் அனிமேட்டர்", ஃப்யூரியின் "ஃபுல் கண்ட்ரோலர்" இரண்டுமே அதை உங்களுடையதோடு சேர்த்துத் தரும். எதையும் எடுத்துவிட வேண்டியதில்லை.

அப்படிச் சேர்க்கும்போது ஒரு பழைய பேய் எட்டிப்பார்க்கும். அதன் பெயர் ரைட் டிஃபால்ட்ஸ். அனிமேட்டரின் ஒவ்வொரு நிலையிலும் இருக்கும் ஒரு சிறு சதுரம் அது. ஓர் அனிமேஷன் ஒரு மதிப்பைத் தொடாவிட்டால் அதைத் தொடக்க நிலைக்குத் திருப்ப வேண்டுமா, இருந்தபடியே விட வேண்டுமா என்பதை அந்தச் சதுரம் முடிவு செய்கிறது. உங்கள் அனிமேட்டரில் அது ஒரு மாதிரியும், வந்து சேர்ந்ததில் வேறு மாதிரியும் இருந்தால் விசித்திரங்கள் நடக்கும்: இமை பாதி மூடியபடி நிற்கும், சிரிப்பு போகவே போகாது, கழற்றிய கண்ணாடி திரும்ப வராது. மெர்ஜ் அனிமேட்டரில் அவதாரின் வழக்கத்துக்கு ஏற்ப இதைப் பொருத்திக்கொள்ளும் தேர்வு இருக்கிறது. ஃப்யூரியில் "ஃபிக்ஸ் ரைட் டிஃபால்ட்ஸ்" என்று தனி உறுப்பே உண்டு. அவதார் முழுவதையும் ஒரே வழிக்குக் கொண்டுவந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் ஃப்யூரிக்கு என் ஓட்டு. பல கைகள் பட்டுச் சிக்கலான பழைய அவதாரைச் சரிசெய்வதில் அது கெட்டிக்காரக் கருவி.

அடுத்தது 256 பிட். உங்கள் அவதாரில் நடக்கும் மாற்றங்களை மற்றவர்களும் பார்க்க, ஒத்திசைக்கும் பாராமீட்டர்களுக்கு விஆர்சாட் தரும் மொத்த இடம் அவ்வளவுதான். ஆம், இல்லை என்று இரண்டே நிலை உள்ளதற்கு 1 பிட். முழு எண்ணுக்கும் ஸ்லைடருக்கும் 8 பிட். தாடியின் நீளத்துக்கு ஸ்லைடர் வைத்தால் 8 பிட் போகிறது. நான்கு நீளங்கள் போதும் என்றால் இரண்டு ஆம்-இல்லைகளைச் சேர்த்து 2 பிட்டில் முடித்துவிடலாம். கிழவருக்கு நான்கு நீளமே அதிகம். இடம் போதாதவர்களுக்கு ஃப்யூரியில் பாராமீட்டர்களைச் சுருக்கும் வசதி இருக்கிறது. எல்லா மதிப்புகளையும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் முறைவைத்து அனுப்பும். அதனால் எதிரில் இருப்பவருக்குச் சற்றுத் தாமதமாகத் தெரியும். கோட்டின் நிறம் ஒரு விநாடி பிந்தி மாறினால் யாருக்கும் நட்டமில்லை. ஆந்தையின் சிறகை ஸ்லைடரில் அசைப்பவர் அதை இந்த வரிசையில் விடக் கூடாது. சிறகு விட்டுவிட்டு அசையும்.

இரண்டு கருவிகளாலும் முடியாத ஒன்றைப் பலர் அவற்றிடம் எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். வேறோர் உடலுக்காகத் தைத்த உடையை உங்கள் உடலின் வடிவத்துக்கு இவை மாற்றித் தராது. எலும்புகள் சேரும், ஆனால் கூன் முதுகுக் கிழவருக்கு நிமிர்ந்த இளைஞனின் கோட்டு பொருந்துமா? மாடுலர் அவதாரின் "ஸ்கேல் அட்ஜஸ்டர்" ஓர் எலும்பை மட்டும் பெரிதாக்கும், அதன் கீழுள்ள எலும்புகளைப் பாதிக்காது. தோள் அகலம் கொஞ்சம் முன்பின் இருந்தால் சமாளிக்கலாம். அதற்கு மேல் ப்ளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளைத் திறக்கத்தான் வேண்டும். கோட்டின் முதுகை நான் அங்கேதான் வளைத்தேன். ப்ளெண்டர் தெரியாதென்றால், வாங்கும்முன் உங்கள் அவதாரின் பெயரைச் சொல்லி அதற்கென்றே செய்யப்பட்டதா என்று பாருங்கள். பொருந்தாத உடைக்கு எந்தத் துணைக்கருவியும் மருந்தில்லை.

மாட்டி முடித்தால் எடை, அதாவது உருவத்தின் பரப்பை ஆக்கும் முக்கோணங்களின் எண்ணிக்கை, கூடிவிடும். கிழவரின் உடலும் சட்டையும் சேர்ந்து 38,000 முக்கோணங்கள். கோட்டு 21,000, ஆந்தை 9,000, தடியும் கண்ணாடியும் 3,000. கூட்டினால் 71,000. கணினிப் பதிப்பில் 70,000-ஐத் தாண்டினால் அவதார் "வெரி புவர்" என்ற கடைசித் தரத்துக்கு இறங்கிவிடும். மறைத்து வைத்திருக்கும் பொருளும் கணக்கில் சேரும். கோட்டைக் கழற்றிவிட்டேன் என்று வாதாட முடியாது. அந்தத் தரத்தில் இருப்பவர்களைப் பலர் தங்கள் அமைப்பிலேயே மறைத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் நான் ஒரு சாம்பல் பொம்மை.

இதற்கு நான் வைத்திருப்பது அவதார் ஆப்டிமைசர், சுருக்கமாக ஏஏஓ. அதுவும் மூலத்தைத் தொடாத வகை. "ட்ரேஸ் அண்ட் ஆப்டிமைஸ்" என்ற உறுப்பை அவதாரின் மேல்மட்டப் பொருளில் வைத்தால், பயன்படாத எலும்புகளையும் எந்த அனிமேஷனும் அசைக்காத பிளெண்ட்ஷேப்களையும் கண்டுபிடித்து ஒழித்துவிடும். முக்கோணங்களைக் குறைக்க மெஷ்ஷின் ஒரு பகுதியையே நீக்கும் உறுப்புகள் உண்டு. கோட்டுக்குக் கீழே இருப்பதை நீக்க முடியாது, கோட்டைக் கழற்றினால் ஓட்டை தெரியும். ஆனால் கிழவர் சட்டையைக் கழற்றுவதே இல்லை. சட்டைக்குள் யாரும் பார்க்காத மார்பும் வயிறும் 4,000 முக்கோணங்களாக உட்கார்ந்திருந்தன. நீக்கியபின் 67,000. கோட்டின் கீழ்ப்பகுதி அசைவதற்குத் துணி மடிப்புக்கு ஒன்றாக வைத்திருந்த பிஸ்போன்களையும் "மெர்ஜ் பிஸ்போன்" கொண்டு ஒன்றாக்கினேன். டார்க் அவதார் ஆப்டிமைசர் என்று இன்னொன்றும் இருக்கிறது. மெட்டீரியல்களை இணைப்பதில் அது துணிச்சலாகப் போகும். இரண்டில் ஒன்று போதும்.

கணினி இல்லாமல் தனித்தியங்கும் விஆர் தலைக்கவசத்திலும் கைப்பேசியிலும் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றால் விதிகள் கடுமை. பதிவிறக்க அளவு 10 எம்பிக்குள், 20,000 முக்கோணங்களைத் தாண்டினால் கடைசித் தரம், பிஸ்போன் உறுப்புகள் 8-ஐத் தாண்டினால் எல்லாமே நீக்கப்படும். லில்டூன், பொய்யோமி போன்ற ஷேடர்கள் (மேற்பரப்பின் தோற்றத்தை வரையும் நிரல்கள்) அங்கே செல்லாது. விஆர்சாட்டின் மொபைல் ஷேடர்கள் மட்டும்தான். அதற்கான மாற்றங்களைச் செய்யும் விஆர்சி குவெஸ்ட் டூல்ஸ் நன்றாகவே வேலை செய்கிறது. கண்ணாடியின் ஒளிபுகும் வில்லை மட்டும் வராது. அந்தப் பதிப்பில் கிழவர் வெறும் சட்டத்தோடு திரிகிறார்.

ஆக என் திட்டக்கோப்பில் இப்போது இருப்பவை: அடிப்படைக்கு மாடுலர் அவதார், ரைட் டிஃபால்ட்ஸுக்கு ஃப்யூரி, ஒடுக்க ஏஏஓ, யூனிட்டிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க ஜெஸ்சர் மேனேஜர். எல்லாவற்றையும் விஆர்சாட்டின் கிரியேட்டர் கம்பேனியன் என்ற திட்ட மேலாண்மை மென்பொருள் வழியாகத்தான் நிறுவினேன். யூனிட்டி பொட்டலக் கோப்புகளாக இறக்கிப் போட்டால் பதிப்புகள் ஒன்றோடொன்று மோதும். புதுப்பிக்கும்போது ஒரு கருவியை மட்டும் புதுப்பித்து, ஜெஸ்சர் மேனேஜரில் முகபாவங்களையும் கோட்டையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். அதற்குமுன் கம்பேனியனிலேயே திட்டத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்தப் பொத்தான் திட்டத்தின் பக்கத்திலேயே இருக்கிறது.